பட்டு வெந்த தண்ணீரும் நாகலிங்க மரமும்

"இந்த மரம் பொழைக்குமா?"

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே இந்தக் கேள்வியை உங்களிடம் யாராவது கேட்டிருப்பார்கள். கேட்டவர் முகத்தைப் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். மரத்தை மட்டும் அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். பட்டம் வாங்கி வருகிற எல்லோரும் அப்படித்தான், நானும் அப்படித்தான் வந்தேன்.

தோட்டக்கலைத் துறையில் பாதிக்கு மேல் காலத்தைக் காஞ்சிபுரத்திலேயே தள்ளிவிட்டு ஓய்வு பெற்றவள் நான். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்றார்கள். நடவு இடைவெளியும் உர அளவும் உங்கள் கைபேசியிலேயே இருக்கின்றன. அதை நானும் எழுதினால் படிக்காமல் தாண்டிப் போவீர்கள். அதனால் ஒரே ஒரு மரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்கள் முன்னால் என்னைத் தூங்கவிடாமல் அடித்த மரம் அது.

நாகலிங்கம். நம் ஊரில் யாரைக் கேட்டாலும் அது சிவன் மரம், பல்லவ ராஜா நட்டது என்று அடித்துச் சொல்வார்கள். பூவைப் பார்த்தால் நமக்கும் அப்படித்தான் தோன்றும். நடுவில் லிங்கம் மாதிரி ஒரு மேடு, அதன்மேல் பாம்பு படமெடுத்தது மாதிரி ஒரு குடை. ஆனால் அதன் பிறந்த வீடு தென் அமெரிக்க மழைக்காடு. எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்து, நம் கோயில்களுக்குள் நுழைந்து, கோத்திரமும் வாங்கிக்கொண்டுவிட்டது.

மழைக்காட்டு மரம் என்பதால் வேருக்கு ஈரம் வேண்டும், அந்த ஈரம் தேங்காமல் வடியவும் வேண்டும். பூவும் காயும் மேல் கிளையில் வராது. அடிமரத்திலிருந்தே கயிறு மாதிரித் தொங்கும் காம்புகளில் வரும். காய் பீரங்கிக் குண்டு அளவு இருக்கும். பழுத்து விழுந்து உடைந்தால் தெருவே மூக்கைப் பிடிக்கும், ஆனால் கோழிக்கும் பன்றிக்கும் அது விருந்து. விதையை அந்தச் சதையின் ஈரம் காய்வதற்குள் எடுத்து விதைத்துவிட வேண்டும். எங்கள் நாற்றங்காலில் அந்த வேலைக்கு ஆள் பிடிப்பது பெரும்பாடு. கட்டை லேசானது. பெட்டிக்கும் பொம்மைக்கும் ஆகும், வாசல் நிலைக்கு ஆகாது. பூவோ பூஜைக்குப் போகும். அதற்காகவே நம் ஊரில் இதை நடுகிறார்கள். நீங்கள் நடச் சொல்லும்போது ஆள் உட்காருகிற இடத்தையும் வண்டி நிறுத்துகிற இடத்தையும் விட்டுத் தள்ளி நடச் சொல்லுங்கள். அந்தக் காய் தலையில் விழுந்தால் பக்தி காப்பாற்றாது.

இன்னொரு குணமும் அதற்கு உண்டு. திடீரென்று மொத்த இலையையும் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். சில மரம் வருஷத்தில் இரண்டு தடவைகூட உதிர்க்கும். பிறகு சில நாளிலேயே துளிர்த்து, ஒன்றும் நடக்காதது மாதிரிப் பச்சையாகிவிடும். தெரியாதவன் பார்த்தால் மரம் செத்தது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வான்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் தெரு, அதன் கோடியில் ஒரு சின்னச் சிவன் கோயில். காஞ்சியின் சிவன் கோயில்களில் அம்மனுக்குத் தனிச் சன்னதி இருப்பது அபூர்வம், இங்கே உண்டு. அதன் பிராகாரத்தில்தான் அந்த மரம். அது முன்பும் இலை உதிர்த்திருக்கிறது. சீக்கிரமே துளிர்த்துவிட்டதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. இந்த முறை துளிர் வரத் தாமதமானது. கோயிலிலோ கும்பாபிஷேக வேலை நடந்துகொண்டிருந்ததால் அண்ணாந்து பார்க்க ஊரே இருந்தது. திருப்பணிக் குழுத் தலைவர் எனக்குப் போன் செய்தார். பட்டுப்புடவைக் கடை வைத்திருப்பவர். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் பேச ஆரம்பித்தால் எதிராளிக்கு மூச்சுவிட இடம் தரமாட்டார்.

"மேடம், ஒடனே வாங்க. கும்பாபிஷேகத்த வெச்சிக்கினு மரம் மொட்டையா நிக்குது. ஜனம் அபசகுனம்னு பேசுது. சாயங்காலம் கூட்டம் போட்டிருக்கறேன். நீங்க வந்து செத்துப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா வெட்டிட்டு யாகசாலைப் பந்தல் போட்டுருவோம்."

கூட்டம் சாயங்காலம் என்றால் நான் காலையிலேயே போய்விடுவேன். இது நான் முதலில் வேலை பார்த்த அதிகாரி கற்றுக்கொடுத்த பழக்கம். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், சட்டைப் பையில் எப்போதும் ஒரு மொட்டைக் கத்தி, அதிகம் பேசாதவர். "கூட்டம் கூடறதுக்கு முன்னாடி மரத்தப் பாத்துடும்மா. ஜனம் கூடிட்டா மரம் கண்ணுக்குத் தெரியாது" என்பார்.

நான் போனபோது மரத்தடியில் ஒரு பெண் சருகு கூட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். கையில் சாயம் ஏறி நகக்கண்ணெல்லாம் அரக்கு நிறமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

"எம்மா, தோட்டக்கலை ஆபீஸ்லேர்ந்து வர்றவங்கதானே நீங்க? மரத்த நான்தான் கொன்னுட்டேனாம்மா?"

அவள் பெயர் கமலா. ஆரணியிலிருந்து இந்தத் தெருவுக்கு வாழ வந்தவள். புருஷன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போக, மாமனார் விட்டுப்போன சின்னச் சாயப்பட்டறையை இவள்தான் நடத்துகிறாள். அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. விசேஷத்துக்கு அம்மனுக்குச் சாத்தும் அரக்குப் புடவையின் நூலுக்குச் சாயம் போடுவது அந்த வீட்டுக்கு உள்ள பாத்தியதை. மாமனார் போன பிறகு வெளியூர்க்காரியிடம் அது இருப்பது தெருவில் சிலருக்கு உறுத்தல்தான். இந்தக் கும்பாபிஷேகப் புடவையும் அவள் சாயம் போட்ட நூலில்தான் தறியில் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் குடம் குடமாக மரத்தடியில் எதையோ ஊற்றுவதை யாரோ கைபேசியில் படம் எடுத்திருந்தார்கள். இலை உதிர்ந்ததும் அது தெருவின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. மரத்தைக் கொன்றவள் கையால் போட்ட சாயம் அம்மன் மேல் ஏறக் கூடாது என்று பேச்சு கிளம்பியிருந்தது.

"என்னம்மா ஊத்தினே?"

"பட்டு வேக வெச்ச தண்ணிம்மா. சாயம் போடறதுக்கு முன்னாடி சோப்பும் சோடாவும் போட்டு வேக வெப்போம், அப்பதான் நூல்ல இருக்கற பசை போவும். மத்த நூலுதுன்னா சாக்கடையிலதான் ஊத்துவேன். இது அம்மனுக்கும் சாமிக்கும் சாத்தற நூலு. அம்மன் நூல் வெந்த தண்ணிய எப்படிம்மா சாக்கடையில ஊத்தறது? நாலு பேர் மிதிச்சிக்கினு போவாங்க. அதான் ஒவ்வொரு தபாவும் கொடத்துல எடுத்தாந்து இங்க ஊத்தினேன். சித்திரை வெயிலு வேற, மரமும் காஞ்சிக்கினு இருந்துது."

அபிஷேகத் தண்ணீரைக் கால் படாத இடமாகப் பார்த்து ஊற்றுகிற ஊர் இது. இலை மட்டும் உதிராமல் இருந்திருந்தால் அவள் செய்தது அங்கே யாருக்கும் தப்பாகவே பட்டிருக்காது.

நான் மரத்தைச் சுற்றி வந்தேன். கிழக்குப் பக்கம் மட்டும் மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் எடுத்துத் தேய்த்தால் வழவழத்தது. சோடா உப்புதான். குடத்தை எந்தப் பக்கம் சாய்த்திருக்கிறாள் என்று அதுவே சொல்லியது. அந்தத் தண்ணீரால்தான் இலை போயிற்று என்றால் கிழக்குப் பக்கக் கிளைதான் முதலில் வாடியிருக்க வேண்டும், இலையின் ஓரம் தீய்ந்திருக்க வேண்டும். கீழே கிடந்த சருகுகளில் ஓரம் தீய்ந்தது ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒரே சீராக மஞ்சளாகி, நான்கு பக்கமும் ஒன்றாகக் கொட்டியிருந்தன. ஒரு சின்னக் கொப்பைக் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை இருந்தது. அடிமரத்தில் பூவும் விட்டிருந்தது.

ஆனால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. திருப்பணியில் பிராகாரம் முழுக்கப் புதிதாகக் கிரானைட் பாவியிருந்தார்கள். மரத்தடியில் கிழக்கே ஒரு துண்டு மண்ணைத்தான் விட்டிருந்தார்கள். மற்ற மூன்று பக்கமும் கல் அடிமரத்தையே முட்டிக்கொண்டு நின்றது. ஒரு பக்கம் சோடா, மூன்று பக்கம் கல். உதிர்த்தது மரத்தின் குணம்தான். ஆனால் மறுபடி துளிர்க்கிற தெம்பு அதற்கு மிச்சம் இருக்கிறதா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

கமலா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு விஷயம் சொல்றேன் கமலா. ரெண்டையும் கேட்டுக்க. இலை உதிர்ந்தது உன் தண்ணியால இல்ல. மரம் உயிரோடதான் இருக்குது. ஆனா உன் தண்ணி இதுக்கு ஆகாது. விடாம ஊத்திக்கினே இருந்தியானா ஒருநாள் நெஜமாவே செத்துப்போகும்."

முதல் பாதிக்கு மலர்ந்த முகம் இரண்டாவது பாதிக்குச் சுண்டிப்போயிற்று. இரண்டாவதைச் சொல்லாமல் விட்டிருக்கலாமே, பாவம், நொந்து போயிருக்கிறவளிடம் அது எதற்கு என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் சொல்லாமல் விட்டால் அடுத்த விசேஷத்துக்கும் அதே பக்தியோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள். ஆறுதல் சொல்ல மட்டும் நமக்குச் சம்பளம் தரவில்லை.

சாயங்காலக் கூட்டத்தில் மண்டபம் நிறைந்திருந்தது. நான் பார்த்ததைச் சொன்னேன். மரம் சாகவில்லை, இது இதன் குணம் என்றேன். பூ இன்னும் விட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்று குருக்களும் ஒத்து ஊதினார்.

"செத்த கோழியும் கொஞ்ச நேரம் துடிக்கும் சாமி" என்றார் தலைவர்.

"வெளியூர்லேர்ந்து வந்தவங்களுக்கு நம்ம வழக்கம் இன்னா தெரியும்?" என்று கமலாவைக் குத்திப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அன்று வாய் வரைக்கும் வந்து நான் விழுங்கிய பேச்சு இரண்டு. இந்த மரமே வெளியூர்தானய்யா என்பது ஒன்று. அடிமரம் வரை கல்லைப் பாவின நீங்களா அவளைக் கேட்கிறீர்கள் என்பது மற்றொன்று. சொல்லியிருந்தால் மண்டபம் சிரித்திருக்கும், எனக்கும் இரண்டு நாள் பெருமையாக இருந்திருக்கும். ஊர் முன்னால் அவமானப்பட்ட தலைவர் மரத்தை மறுநாளே வெட்டியிருப்பார்.

தலைவர் கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கினார். "மேடம், சுத்தி வளைக்க வேணாம். ஒரே வார்த்தையில சொல்லுங்க. அந்தத் தண்ணி மரத்துக்குக் கெடுதலா, இல்லியா?"

பிள்ளைகளே, உங்கள் வேலையில் இந்த மாதிரிக் கேள்வி கட்டாயம் வரும். கெடுதல் என்றால் அது உண்மை, ஆனால் அந்த ஒரு வார்த்தையை வைத்துக் கமலாவின் பாத்தியதையை அங்கேயே பிடுங்கிவிடுவார்கள். கெடுதல் இல்லை என்றால் நான் பொய் சொன்னவள், மரமும் ஒருநாள் போகும். இத்தனை வருஷ சர்வீஸில் அப்படி ஒரு சங்கடத்தில் நான் நின்றதில்லை.

அப்போது தூண் ஓரத்திலிருந்து கமலாவின் குரல் கேட்டது.

"கெடுதல்தாங்க. காலையிலயே மேடம் எங்கிட்ட சொல்லிட்டாங்க. தெரியாம ஊத்திட்டேன், இனிமே ஊத்த மாட்டேன். ஆனா மரம் சாவலன்னும் மேடம் சொல்றாங்களே, அதையும் கொஞ்சம் கேளுங்க."

தானாகவே ஒப்புக்கொண்டவளை அதற்கு மேல் என்னவென்று குற்றம் சாட்டுவது? காலையில் அந்த இரண்டாவது பாதியை நான் முழுங்கியிருந்தால், அன்று சாயங்காலம் அதைத் தலைவர் என் வாயிலிருந்து பிடுங்கி அவள் தலையில் போட்டிருப்பார். கசப்பான சேதியைச் சம்பந்தப்பட்டவரிடம் முதலில், தனியாகச் சொல்லிவிடுங்கள். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

தலைவர் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, உயிரோட இருக்குதுன்றீங்க. எப்ப துளிர்க்கும்? நாள் சொல்லுங்க."

என் பழைய அதிகாரி நினைவுக்கு வந்தார். மரத்துக்கு நாள் குறிக்காதே, ஜோசியம் பார்க்க வேறு ஆள் இருக்கிறான் என்று திட்டுவார்.

"நாள் சொல்ல மாட்டேங்க. உயிர் இருக்குது, அதுக்கு நான் பொறுப்பு."

"அப்ப பந்தல் போடற வரைக்கும் பாப்பேன். தறி பாட்டுக்கு ஓடட்டும். அதுக்குள்ள துளிர்த்தா அந்தப் புடவை அம்மனுக்கு. துளிர்க்கலன்னா மரமும் இருக்காது, அந்த வீட்டுச் சாயமும் இனிமே இந்தக் கோயிலுக்குள்ள வராது."

மறுநாள் தலைவரை அவர் கடையிலேயே போய்ப் பார்த்தேன். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன். மரத்தடிக் கல்லை எடுக்க வேண்டும், வேருக்கு மூச்சும் தண்ணீரும் இல்லை என்றேன்.

"இன்னா மேடம் இது, உபயதாரர் பேரு வெட்டின கல்லாச்சே. எடுத்தா நான் அவருக்கு இன்னா பதில் சொல்றது?"

"நான் சொல்லி எடுத்ததா இருக்க வேணாங்க. பந்தக்கால் நடணும்னு எடுங்க. அப்புறம் அந்த இடத்த அப்படியே மண்ணா விட்டுடுங்க. பேர் வெட்டின கல்ல சன்னதி வாசல்ல பதிச்சுட்டா அவருக்கும் சந்தோஷம்தானே?"

தலைவர் சிரித்துவிட்டார். "நீங்க புடவைக் கடை வெச்சிருக்கணும் மேடம்." அன்றே கல் கிளம்பிவிட்டது. கிழக்குப் பக்கம் வெள்ளை பூத்த மண்ணைச் சுரண்டி எடுத்தோம். உப்பு கீழே இறங்கட்டும் என்று நல்ல தண்ணீராக விட்டோம். அந்தத் தண்ணீரைக் கமலாதான் சுமந்தாள்.

அதன் பிறகு காத்திருப்பதுதான் வேலை. நம் தொழிலில் இதைவிடக் கஷ்டமானது கிடையாது. தினமும் ஆபீஸ் போகிற வழியை மாற்றிக்கொண்டு அந்தத் தெரு வழியாகப் போனேன். கொப்பு நுனியைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கியது, துளிர் வரவில்லை. தறிச் சத்தம் கேட்கும் போதெல்லாம் எனக்குப் பகீரென்றது. மரம் போனால் இன்னொன்று நடலாம், என்னிடம் நாற்று இருந்தது. வாழ வந்த இடத்தில் ஒருத்தி சம்பாதித்த மரியாதைக்கு என்னிடம் நாற்று இல்லை. எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைத்து எனக்கு என்ன ஆகப் போகிறது?

ஒருநாள் காலையில் குருக்கள் போன் செய்தார். "மேடம், வந்துடுத்து!" என்றார். போய்ப் பார்த்தேன். கொப்பெல்லாம் நுனியில் இளம்பச்சை எட்டிப் பார்த்தது. அடுத்த சில நாளில் மரம் முழுக்க இலை. தலைவர் தாமே கமலா வீட்டு வாசலுக்குப் போய், புடவையைத் தறியிலிருந்து அறுக்கிற அன்றைக்கு வந்து நிற்கச் சொல்லிவிட்டு வந்தார். நான் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

கதை இங்கே முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாள் என் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. கமலா குடத்தைச் சாய்க்கிற அதே படம்தான், தலைப்பு மட்டும் வேறு: "அம்மன் பட்டு வெந்த தீர்த்தத்தால் துளிர்த்த அதிசய மரம்." கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஆட்டோ பிடித்துக் கோயிலுக்கு ஓடினேன்.

பிராகார வாசலில் பெண்கள் கூட்டம், ஆளுக்கு ஒரு குடம். தெருவில் பட்டு வேக வைக்கிற வீடுகளிலிருந்தெல்லாம் அந்தத் தண்ணீரை வாங்கிவந்திருந்தார்கள். குடத்துக்கு மஞ்சள் குங்குமம் வேறு. முதலில் நின்றவர் தலைவரின் மனைவி. நான் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே கத்த வாயைத் திறந்துவிட்டேன். ஆனால் வாசலை மறித்துக்கொண்டு கமலா நின்றிருந்தாள்.

யோசித்துப் பாருங்கள். முந்தின வாரம் வரைக்கும் மரத்தைக் கொன்றவள், இன்று அதை உயிர்ப்பித்தவள். வெளியூர்க்காரி என்று முணுமுணுத்தவர்களெல்லாம் அன்று அவளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் சும்மா நகர்ந்து வழிவிட்டிருந்தால் போதும், காலத்துக்கும் அந்தப் பாத்தியதையை யாராலும் தொட முடியாது.

"ஊத்தாதீங்கம்மா. இது தீர்த்தம் இல்ல, சோடாத் தண்ணி. மரத்துக்கு ஆகாது."

"நீ ஊத்தித்தானேடி துளிர்த்துச்சு!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"நான் ஊத்தினது தப்புங்க. அன்னிக்கு மண்டபத்துல எல்லார் எதிர்லயும் சொன்னேனே. நான் நிறுத்தினப்புறம்தான் துளிர்த்துது."

தலைவரின் மனைவி இடுப்புக் குடத்தை இறக்கவில்லை. "அது எப்படிம்மா? அம்மன் பேரச் சொல்லி மஞ்சள் குங்குமம் வெச்ச தண்ணிய கொண்டுபோய் சாக்கடையிலயா ஊத்தச் சொல்றே?"

கமலா ஒரு கணம் சன்னதிப் பக்கம் பார்த்தாள். அம்மனை விட்டுக்கொடுத்துப் பேசுவது அவளுக்கு எளிதாக இல்லை என்று முகத்தில் தெரிந்தது. பிறகு கையை நீட்டி அந்தக் குடத்தைத் தானே வாங்கிக்கொண்டாள்.

"ஆமாங்க, சாக்கடையிலதான். அம்மன் தாங்கிக்குவா. மரம் தாங்காது."